ஒட்டுப் போட்ட சுவர்

வால்பேப்பர் கொம்பையா அண்ணாச்சிக்குத் தெரியாத கறை இந்த உலகத்தில் கிடையாது. அவர்தான் அப்படிச் சொல்லுவார். பாளையங்கோட்டையில் பாதிப்பேர் அதை நம்பவும் செய்தார்கள்.

சுவரில் ஒட்டும் காகிதம் விற்கிற கடை அவருடையது. வீடு தேடிப் போய் ஒட்டிக் கொடுப்பதும் அவரேதான். ஒட்டிய வீட்டிலிருந்து எப்போது போன் வந்தாலும் அலுத்துக்கொள்ள மாட்டார். தலை எண்ணெய் பட்டு மினுமினுக்கிறதா? வெள்ளைத் தாளை மேலே வைத்து, இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். பிள்ளை பென்சிலால் கிறுக்கிவிட்டதா? சப்பாத்தி மாவை உருட்டி ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். குங்குமக் கையை வைத்துவிட்டார்களா? தண்ணீர் பக்கமே போகக் கூடாது, முதலில் உலர்ந்த பிரஷ்தான். கைராசி டாக்டர் மாதிரி சொல்லிக்கொண்டே போவார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒருநாள் சாயங்காலம் மங்கை அம்மாவின் மாடிப்படி ஏறி வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு கறை போகமாட்டேங்கு."

மங்கை அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. காவி கிடையாது, மாலை கிடையாது. சாயங்காலமானால் அந்த மாடி அறையில் உட்கார்ந்திருப்பார். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வார். சில நாள் பதில் வராது, சுக்குக்காப்பிதான் வரும். கொம்பையா அண்ணாச்சி அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனாலும் குரு என்று ஒருவரை அவர் சொன்னால் அது இந்த அம்மாவைத்தான். மங்கை அம்மாவோ ஊரார் மாதிரியே அவரை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன கறை, அண்ணாச்சி?"

"சாம்பாரு."

"சாம்பாருக்கு நான் என்ன பண்ண முடியும்? அது உங்க தொழிலு."

"சாம்பாரு போகலேன்னா வீட்டுக்காரி வரமாட்டா, அம்மா."

மங்கை அம்மா காப்பிச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, அவருக்கு ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, எதிரில் வந்து உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். போன வாரம் சாப்பாட்டில் முருங்கைக்காய் முற்றிப்போயிருந்தது. கொம்பையா அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. சாம்பார்க் கிண்ணத்தைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். எறிந்து முடித்ததும் கோபம் போய்விட்டது. அவர் கோபம் அப்படி, வந்த வேகத்தில் போய்விடும், அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. கையைக் கழுவிவிட்டுக் கடைக்குப் போனார். திரும்பி வந்தால் மனைவி ஆவுடையம்மா பெட்டியோடு வாசலில் நிற்கிறார். 'இந்தச் சுவரப் பாத்துக்கிட்டு இனி என்னால இருக்க முடியாது' என்று சொல்லிவிட்டு, அம்பாசமுத்திரத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

"நான் ஒரு நாளும் அவ மேல கை நீட்டினது கிடையாது, அம்மா. எதுன்னாலும் சுவத்துலதான்."

"சுவத்துக்குப் பக்கத்துல யாரு நின்னாவ?"

"அவதான் நின்னா. ஆனா மேல ஒரு சொட்டு படல."

கொம்பையா அண்ணாச்சி பேச்சை மாற்றினார். அதிலும் அவர் கெட்டிக்காரர்தான்.

"சுவரு சரியாயிட்டா வந்துருவா. அவ சொன்னதே சுவரத்தானே? சோப்பு நுரை போட்டுத் தொடச்சேன். எண்ணெய் போயிட்டு. ஆப்பச்சோடாவ குழைச்சுப் பூசினேன், புளி வாடை போயிட்டு. மஞ்சள் மட்டும் நிக்கு. மஞ்சளுக்கு வெயில்தான் மருந்து, துணின்னா வெயில்ல காயப் போட்டா வெளுத்துரும். சுவரக் கழத்திக்கிட்டுப் போயி வெயில்ல காயப் போட முடியுமா? அழுத்தித் தேச்சா டிசைன் போயிரும். எனக்கே கையக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கு."

"வேற வழியே இல்லையா?"

"வழக்கமா பண்ணுற வழி ஒண்ணு உண்டு. இந்தத் தடவ அதுக்கும் வழியில்ல."

"என்ன வழி அது?"

கொம்பையா அண்ணாச்சி காதில் வாங்காத மாதிரி சுக்குக்காப்பியைக் குடித்தார்.

"வாங்க, சுவரக் காட்டுங்க" என்றார் மங்கை அம்மா.

வீட்டுக்குப் போனார்கள். கூடத்துச் சுவர் முழுக்கச் சந்தன நிறக் காகிதம், அதில் பச்சைக் கொடி, கொடி நிறைய இலை. நல்ல அழகு, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டு மேசைக்கு மேலே, ஒரு ஆள் தோள் உயரத்தில், மஞ்சளாக ஒரு திட்டு. கீழே ஒழுகின கோடுகூட அப்படியே இருந்தது.

"இது ஒண்ணுதான், அம்மா. மத்தபடி சுவரப் பாருங்க, கண்ணாடி!"

மங்கை அம்மா பார்க்கவில்லை. கையை வைத்தார். குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற மாதிரி உள்ளங்கையைச் சுவரில் வைத்து, மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இங்க என்ன?"

"எங்க?"

"இங்க மேடு தட்டுதே."

கொம்பையா அண்ணாச்சி மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"அது ஒட்டு, அம்மா."

"என்ன ஒட்டு?"

"வழக்கமான வழின்னு சொன்னேன்லா, இதுதான். ஒட்டி மிஞ்சின காகிதம் என்கிட்ட இருந்துச்சு. கறை பட்டா அதுல அதே இலை, அதே கொடி பாத்து வெட்டி, கறை மேல ஒட்டிருவேன். சதுரமா வெட்டினா தெரிஞ்சு போகும். இலையோட ஓரத்தப் பிடிச்சே வெட்டணும். பாருங்க, இணைப்பு தெரியுதா? எந்தக் கொம்பன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது!"

"அடியில என்ன இருக்கு?"

"ரசம்."

மங்கை அம்மாவின் கை மறுபடி நகர்ந்தது. மறுபடி நின்றது.

"இங்க?"

"அது காப்பி. ஆறிப்போயிருந்துச்சு."

"இங்க?"

"புளிக்குழம்பு. அவ தம்பி கல்யாணத்துக்குப் போகணும்னு நின்னா. எனக்கு அன்னைக்கு நெல்லைல ஒட்டுற வேல. பேச்சு முத்திட்டு."

"இந்தத் தடவ ஏன் ஒட்டல?"

"காகிதம் தீந்துபோச்சு. அந்த டிசைனே இப்ப வாறதில்ல."

அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. மனுஷனுக்கு வருத்தம் எதில் என்று பாருங்கள், காகிதம் தீர்ந்ததில்.

"அண்ணாச்சி, உங்க வீட்டம்மா இந்தச் சுவரத் தினமும் தொடைப்பாவளா?"

"தினமும் தொடைப்பா. ஒரு தூசி இருக்க விடமாட்டா."

"கண்ணாலயா தொடைப்பாவ, கையாலயா?"

கொம்பையா அண்ணாச்சி மங்கை அம்மாவின் கையைப் பார்த்தார். இத்தனை வருஷமும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியதை நினைத்துத்தான் அவர் மார்தட்டிக்கொண்டிருந்தார். கைக்குத் தெரியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஒவ்வொரு நாளும் ஆவுடையம்மாவின் கை அந்த மேடுகளில் ஏறி இறங்கியிருக்கிறது.

"இப்ப நான் என்ன செய்யணும், அம்மா?"

"சுவரக் காட்டுங்கன்னு சொன்னேன். இன்னும் காட்டலையே."

அவருக்குப் புரிந்துவிட்டது. வெந்நீர் வைத்தார். ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து, ஒட்டின் ஓரத்தில் வைத்து, பசை இளகும்வரை பொறுத்திருந்தார். பிறகு தட்டையான கத்தியை நுழைத்து ஒரு கிழிசல் இல்லாமல் உரித்தார். அவசரப்படவில்லை. வேலை என்று வந்துவிட்டால் அவர் கை அவ்வளவு பொறுமையான கை. அந்தப் பொறுமையில் கொஞ்சத்தைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்திருக்கலாம்.

ரசம் வெளியே வந்தது. காப்பி வெளியே வந்தது. புளிக்குழம்பு வந்தது. சன்னல் பக்கம் ஒட்டியிருந்த கீரை மசியலும் வந்தது. எல்லாம் காய்ந்து கறுத்து, சுவரோடு சுவராகிப் போயிருந்தன. உரிக்க உரிக்க அது யாருடைய வீடோ மாதிரி ஆகிவிட்டது.

"அவ்வளவுதான், அம்மா" என்று கத்தியைக் கீழே வைத்தார்.

மங்கை அம்மாவின் கை இன்னும் சுவரில்தான் இருந்தது. அடுக்களைக் கதவுக்குப் பக்கத்தில்.

"இங்க?"

"அங்க ஒட்டு கிடையாது."

"தொட்டுப் பாருங்க."

கொம்பையா அண்ணாச்சி கிட்டப் போய்ப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. விரலை வைத்துத் தடவினார். தலைமுடி கனத்தில் ஒரு மேடு, இலையைச் சுற்றி அப்படியே வளைந்து போனது.

"அடேயப்பா!" என்றார். "நான்தான் ஒட்டிருக்கேன், எப்பன்னு ஞாபகமில்ல. என்ன நேர்த்தி பாருங்க அம்மா! எனக்கே தெரியாம ஒட்டிருக்கேனே!"

அதை உரித்தார். அடியில் ரசக்கறை. விசிறி மாதிரி விரிந்து, மிளகு ஒட்டியிருந்த புள்ளிகூட மாறாமல் இருந்தது. கொம்பையா அண்ணாச்சி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மற்றதெல்லாம் எந்த நாள், என்ன பேச்சு என்று அவருக்கு நினைவிருந்தது. இது மட்டும் எங்கே தேடினாலும் அகப்படவில்லை.

"இது எப்ப எறிஞ்சேன்?"

"எனக்கு எப்படித் தெரியும், அண்ணாச்சி? தெரிஞ்சவுகளக் கேளுங்க."

அவர் அம்பாசமுத்திரத்துக்குப் போன் போட்டார். ஆவுடையம்மாதான் எடுத்தார்.

"சுவரு சரியாயிட்டா?" என்று அங்கிருந்து கேட்டார்.

"இல்ல. முன்ன விட மோசமாயிட்டு. ஒட்டுனதையெல்லாம் உரிச்சிட்டேன்."

 

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"காலைல வாரேன்" என்றார் ஆவுடையம்மா.

மறுநாள் காலையில் ஆவுடையம்மா வந்தபோது மங்கை அம்மாவும் அங்கே இருந்தார். கொம்பையா அண்ணாச்சிதான் கெஞ்சிக் கூப்பிட்டு வைத்திருந்தார். தனியாக மனைவி முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. ஊருக்கெல்லாம் உபாயம் சொல்கிறவர், சொந்த வாசலில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நிலைகொள்ளாமல் நின்றார்.

ஆவுடையம்மா பெட்டியை வாசலிலேயே வைத்தார். உள்ளே வந்து மங்கை அம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டார். புருஷனைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். ஒவ்வொரு கறையாக, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரைக்கும் பார்த்துக்கொண்டு போனார். அடுக்களைக் கதவுக்கிட்டே போனதும் நின்றுவிட்டார்.

"இதையுமா உரிச்சீய?"

"ஆமா. அது ஒண்ணுதான் எனக்கு ஞாபகம் வரமாட்டேங்கு. என்னைக்கு எறிஞ்சேன்?"

"நீங்க எறியல."

"பின்ன?"

"நான் எறிஞ்சது."

கொம்பையா அண்ணாச்சி மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயா?"

"நீங்க சரக்கெடுக்கப் பெங்களூருக்குப் போயிருந்தீய. கிளம்புற அன்னைக்கு ரசத்துல உப்புக் கூடிட்டுன்னு எறிஞ்சிட்டு, பஸ் ஏறிப் போயிட்டீய. நான் மறுநாளும் ரசம் வச்சேன். நல்லா வச்சேன். உப்புப் பாத்தேன், சரியா இருந்துச்சு. அப்படியே சட்டியோட தூக்கி எறிஞ்சேன்."

"நல்லா இருந்த ரசத்தையா? எதுக்கு?"

"நீங்க எறிஞ்ச பிறகு உங்க முகம் லேசாயிரும். கொஞ்ச நேரத்துல பாட்டுக்கூடப் பாடுவீய. அது எனக்கும் வருதான்னு பாத்தேன்."

"வந்துச்சா?" என்று கேட்டார் மங்கை அம்மா.

"வரல, அம்மா. ஓன்னு அழுதேன். பிறகு இவுக பசையக் கலக்கி, இவுக கத்தியாலயே வெட்டி ஒட்டினேன். இவுக இலையோரமா வெட்டுறத எத்தன தடவ பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்!"

ஆவுடையம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, முதல்முறையாகப் புருஷன் பக்கம் திரும்பினார்.

"இந்தத் தடவ நீங்க சாம்பார எறிஞ்சப்ப என் கையில குழம்புக் கரண்டி இருந்துச்சு. கொதிக்கக் கொதிக்க. அத ஓங்கிட்டேன். சுவத்துப் பக்கம் இல்ல, உங்க பக்கம். நீங்க கை கழுவப் போயிட்டீய, பாக்கல. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அதான் போனேன். உங்களுக்குப் பயந்து போகல. எனக்குப் பயந்து போனேன்."

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் தலையைக் குனிந்திருப்பார்கள். கொம்பையா அண்ணாச்சி அப்படி ஆள் இல்லையே! அவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"கேட்டியளா அம்மா! என்னமோ நான் ஒருத்தன்தான் பாவின்னு நெனச்சு நேத்து ராத்திரியெல்லாம் கண்ண மூடல. இங்க பாருங்க, இவளும்தான்! அதுவும் சட்டியோட! அப்ப எல்லாம் சரிக்குச் சரி. என்னோடத நான் எடுத்திருதேன், எப்பாடு பட்டாவது எடுத்திருதேன். கதவுக்கிட்ட இருக்கிறது இவ கறை, இவ எடுக்கட்டும். வழக்கு முடிஞ்சுது. ஏளா, போயிக் காப்பியப் போடு."

ஆவுடையம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. வாசலுக்குப் போனார், செருப்பைப் போட்டார், பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

கொம்பையா அண்ணாச்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்ன ஆச்சு? நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? அவ சொன்னதத்தானே சொன்னேன்! அம்மா, நீங்க சொல்லுங்க. நியாயமாச் சொல்லுங்க. அது அவ கறைதானே?"

மங்கை அம்மா கதவுக்குப் பக்கத்தில் விரிந்திருந்த அந்தக் கறையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"கை மட்டுந்தான் அவுகளோடது, அண்ணாச்சி. கறை உங்களோடது."

ஆவுடையம்மா பெட்டியோடு வாசலில் நின்றார். இதற்கும் புருஷனிடம் ஒரு பதில் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து எந்தப் பேச்சுக்கும் அவர் பதில் சொல்லாமல் விட்டதை ஆவுடையம்மா பார்த்ததே இல்லை.

கொம்பையா அண்ணாச்சி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். சுவர் முழுவதையும் ஒருமுறை பார்த்தார், கதவுக்கிட்டே இருந்ததையும் சேர்த்து. வெகுநேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆவுடையம்மா பெட்டியைக் கீழே வைத்தார்.